தானிய வயலில் மக்கும் மல்ச்சிங் ஷீட்: எத்தனை நாள் தாங்க வேண்டும்?

களையை அடக்கவும் ஈரத்தைக் காக்கவும் தக்காளிப் பாத்தியின்மேல் விரித்த மல்ச்சிங் ஷீட்டை அறுவடை முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து உருவி எடுத்துவிடலாம். ஐம்பது ஹெக்டேர் மக்காச்சோளத்தில் அது நடக்காது. தானியப் பயிருக்கு விரிக்கும் பாலித்தீன் ஷீட்டின் கனம் பெரும்பாலும் 8 முதல் 10 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காய்கறிக்கு விரிப்பதில் அது பாதிகூட இல்லை. நாலு மாத வெயிலில் நைந்து, தண்டும் வேரும் குத்திக் கிழிந்து, இரண்டு ஓரமும் மண்ணுக்குள் புதைந்து கிடப்பதை எந்த இயந்திரத்தால் வாரினாலும் ஒரு பங்கு நிலத்திலேயே தங்கிவிடும். அடுத்த ஆண்டு அதன்மேல் இன்னொரு பங்கு. சில ஆண்டுகளில் கலப்பையில் சுற்றுகிறது, வேர் திரும்புகிறது, தண்ணீர் இறங்கும் போக்கு மாறுகிறது.

ஷீட் விரித்துத் தானியம் விளைவிப்பதில் உலகிலேயே முன்னால் நிற்கும் சீனா இந்தச் சிக்கலை முழுதாக அனுபவித்த நாடு. நிலத்தில் தங்கும் ஷீட் துண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 75 கிலோ என்று 2010இல் அங்கே வரம்பு வைத்தார்கள். 2017இல் வந்த தரநிலை, பாலித்தீன் ஷீட்டின் குறைந்தபட்சக் கனத்தை 8 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானாக உயர்த்தியது. கிழியாமல் இருந்தால்தான் திரும்ப எடுக்க முடியும் என்பதே காரணம். அதே ஆண்டு மக்கும் ஷீட்டுக்கும் தனித் தரநிலை வந்தது. திரும்ப எடுக்கும்படி கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கவே தேவையில்லாதபடி மக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள எதுவும் நிலத்துக்குக் கேடு.

மக்கும் ஷீட் வாங்குபவர்கள் பெரும்பாலும் "இது மக்குமா?" என்று மட்டும் கேட்கிறார்கள். தானியப் பயிரில் அதைவிட முக்கியமான கேள்வி, "எத்தனை நாள் மக்காமல் இருக்கும்?" என்பது. பயிர் நிழல் விழுந்து நிலத்தை மூடும்வரை ஷீட் முழுதாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அது இருந்து ஆகப்போவது எதுவும் இல்லை. இந்த நாள் கணக்கு தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயன் இல்லை.

எது மக்கும் ஷீட்

சந்தையில் உள்ள மக்கும் ஷீட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படைப் பொருள் பிபிஏடி என்கிற பாலியெஸ்டர். அதனுடன் மாவுச்சத்து, பிஎல்ஏ என்கிற இன்னொரு பாலியெஸ்டர், சில சமயம் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும். பிபிஏடி நெகிழ்வையும் பிஎல்ஏ விறைப்பையும் தருகின்றன. மண்ணில் உள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சுரக்கும் நொதிகள் பிபிஏடியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்புகளை வெட்டுகின்றன. துண்டான சிறு மூலக்கூறுகளை அந்த உயிர்கள் தின்று, கரியமில வாயுவாகவும் தம் உடலாகவும் மாற்றுகின்றன. பிஎல்ஏ அப்படிச் சுலபமாக மக்காது. 58 டிகிரி சூட்டில் கம்போஸ்ட் செய்யும் தொழிற்சாலைக் குப்பைமேட்டில் அது வேகமாகச் சிதையும்; 20 டிகிரி மண்ணில் மிக மெதுவாகத்தான். அதனால் "கம்போஸ்ட் ஆகும்" என்ற முத்திரையை மட்டும் நம்பி ஷீட் வாங்கக் கூடாது. மண்ணில் மக்கும் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

அந்தச் சான்றுக்கு ஐரோப்பாவின் இஎன் 17033 தரநிலை (2018) நல்ல அளவுகோல். 20 முதல் 28 டிகிரிக்குள் வைத்த மண்ணில், இரண்டு ஆண்டுக்குள், ஷீட்டின் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும். கூடவே கன உலோக வரம்பு உண்டு. செடி, மண்புழு, மண்ணின் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா ஆகியவற்றுக்குத் தீங்கு இல்லை என்ற சோதனையும் உண்டு.

இன்னொரு வகை, சாதாரண பாலித்தீனில் உலோக உப்புகளைக் கலந்து வெயிலில் பொடியும்படி செய்தது. இதை ஆக்ஸோ வகை என்பார்கள். இது பொடிப்பொடியாகும், மக்காது. கண்ணுக்குத் தெரியாமல் போவதையே மக்குவதாக எண்ணி ஏமாறுவது இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் ஆக்ஸோ வகைப் பிளாஸ்டிக் பொருள்களை விற்கவே தடை செய்திருக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பாலித்தீனின் அடர்த்தி சுமார் 0.92. தண்ணீரில் மிதக்கும். பிபிஏடி கலவையின் அடர்த்தி சுமார் 1.25. மூழ்கும். இரண்டு செ.மீ. துண்டை, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்ட தண்ணீரில் அமுக்கி, ஒட்டிய காற்றுக் குமிழியை விரலால் தேய்த்து நீக்கிவிட்டு விடுங்கள். மேலே வந்தால் அது பாலித்தீன்தான், உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. மூழ்கினால் மட்டும் உறுதி சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தூள் நிறையக் கலந்த பாலித்தீனும் மூழ்கும்.

கனத்தையும் எடை போட்டே அறியலாம். ஒரு சதுர மீட்டர் வெட்டி நகைத் தராசில் வையுங்கள். 8 மைக்ரான் என்றால் 10 கிராம், 10 மைக்ரான் என்றால் 12.5 கிராம், 12 மைக்ரான் என்றால் 15 கிராம் நிற்க வேண்டும். பாலித்தீனுக்குப் பழகியவர்கள் இங்கே தவறுவார்கள்: அதே கனத்தில் மக்கும் ஷீட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடுதல். கிலோ கணக்கில் வாங்கினால் மீட்டர் குறையும்.

கணக்கு

120 செ.மீ. அகல ஷீட், ஒரு பாத்தியின் மையத்திலிருந்து அடுத்த பாத்தியின் மையம்வரை 150 செ.மீ., ஒரு பாத்தியில் இரண்டு வரிசை மக்காச்சோளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு 10,000 வகுத்தல் 1.5, அதாவது 6,667 மீட்டர் ஷீட். பரப்பு 8,000 சதுர மீட்டர். 10 மைக்ரானில் 100 கிலோ, ஏக்கருக்கு 40 கிலோ. மீட்டருக்கு 15 கிராம், எனவே 30 கிலோ ரோல் 2,000 மீட்டர் வரும். ஓரங்கள் புதைந்தது போக மேலே தெரிவது 97 செ.மீ. அளவு, நிலத்தில் சுமார் 65 விழுக்காடு மூடியிருக்கும்.

வரிசை நீளம் ஹெக்டேருக்கு 13,333 மீட்டர். 75,000 செடி நிற்க வேண்டும், 8 விழுக்காடு இழப்பு இருக்கும் என்றால் 81,500 விதை. விதைக்கு விதை 16.4 செ.மீ. ஷீட்டில் இழப்பைக் குறைத்துப் போடாதீர்கள். வெறும் நிலத்தில் இல்லாத சில இழப்புகள் இங்கே உண்டு, கீழே சொல்கிறேன்.

வேலை வேகம்தான் பெரிய வயலில் உண்மையான தடை. ஒரு பாத்தி விரிக்கும் இயந்திரம் மணிக்கு 4 கி.மீ. போனால், திரும்பல், ரோல் மாற்றல் போக மணிக்கு 0.42 ஹெக்டேர். மூன்று பாத்தி ஒன்றாக விரித்தால் 1.26. ஐம்பது ஹெக்டேருக்கு பத்து மணி நேர நாள் நான்கு. அதே நிலத்தை 9 மீட்டர் விதைப்பான் ஒரே நாளில் முடித்துவிடும். விதைப்புக்கு ஏற்ற பதம் நான்கு நாள் நிற்காத நிலத்தில் ஷீட் விரிக்கத் திட்டமிட்டால், கடைசிப் பாதி காய்ந்த மண்ணின்மேல் விரிப்பாகவே முடியும். ஷீட் இருக்கும் ஈரத்தைத்தான் காக்கும்; இல்லாத ஈரத்தை உண்டாக்காது.

எங்கே பலன், எங்கே வீண்

மக்காச்சோளத்தின் வளர்நுனி ஆறாவது இலைவரை மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதுவரை செடி உணர்வது காற்றின் வெப்பத்தை அல்ல, மண்ணின் வெப்பத்தை. தெளிந்த, அதாவது ஒளி ஊடுருவும் ஷீட் விதை ஆழத்தில் மண்ணை 2 முதல் 5 டிகிரிவரை சூடாக்கும். பயிர் வளர்ச்சிக்குக் கிடைக்கும் சூட்டை, டிகிரியை நாளால் பெருக்கி, வெப்ப நாள் என்று எண்ணுவார்கள்: 3 டிகிரி கூடி 45 நாள் நின்றால் 135 வெப்ப நாள்கள். ஒரு நாளுக்கு 12 முதல் 15 வெப்ப நாள் கிடைக்கும் நடுப்பருவத்தில் அது ஒன்பது, பத்து, பதினோரு நாளுக்குச் சமம். பனி விழுமுன் மணி முற்றுமா முற்றாதா என்பதை இந்தப் பத்து நாள்தான் தீர்மானிக்கும். அயர்லாந்து போன்ற குளிர்ந்த நாட்டில் தீவன மக்காச்சோளத்துக்கு ஷீட் நிலைத்ததற்குக் காரணம் இதுவே. அங்கே விதைப்பு, களைக்கொல்லி, ஷீட் விரிப்பு மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் இயந்திரம் ஓடுகிறது.

வறண்ட குளிர் நிலத்தில் ஈரம் இரண்டாவது பலன். சீனாவின் கான்சு மாநிலத்தில் மானாவாரி மக்காச்சோளத்துக்கு 70 செ.மீ. அகலத்தில் ஒரு பெரிய பார் (நீள மண்மேடு), 40 செ.மீ. அகலத்தில் ஒரு சிறிய பார் என்று மாற்றி மாற்றி அமைத்து, 120 செ.மீ. ஷீட்டால் நிலம் முழுவதையும் மூடி, இரண்டு பார்களுக்கும் நடுவே உள்ள சாலில் விதைக்கிறார்கள். சாலில் ஷீட்டைத் துளையிட்டிருப்பார்கள். ஐந்து மி.மீ. தூறல்கூட இரு பார்களிலிருந்தும் வழிந்து செடியின் காலடியில் இறங்கும். முழுதாக மூடுவதால் 10 மைக்ரானில் ஹெக்டேருக்கு 136 கிலோ ஷீட் ஆகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சூடான பருவத்தில் விதைக்கும் பயிருக்குத் தெளிந்த ஷீட் வேண்டவே வேண்டாம். மண் ஏற்கெனவே 28 டிகிரியில் இருந்தால் இன்னும் நாலு டிகிரி ஏற்றுவது வேருக்குத் தண்டனை. அங்கே களைக்காகவோ ஈரத்துக்காகவோதான் ஷீட் என்றால் கறுப்பு, அல்லது மேற்புறம் வெள்ளை. இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: உழாமல், முன்பயிரின் தட்டையை மேலேயே விட்டு விதைக்கும் நிலத்தில் ஷீட்டைக் கொண்டுவராதீர்கள். ஷீட்டுக்கு அடிக்கட்டை இல்லாத, கட்டி இல்லாத, மாவு போன்ற மேல்மண் வேண்டும். அதற்காக உழுது, இலவசமாகக் கிடந்த தட்டை மூடாக்கை அழித்துவிட்டு, காசு கொடுத்து வாங்கியதை மேலே விரிப்பதில் அர்த்தம் இல்லை.

பாலித்தீன் அளவுக்கு மக்கும் ஷீட் சூட்டையோ ஈரத்தையோ காக்காது. அதன் வழியே நீராவி கூடுதலாக ஊடுருவும். ஈரம் மட்டுமே குறிக்கோள் என்றால் இந்தக் குறையைக் கணக்கில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

வயதைத் தேர்ந்தெடுப்பது

ஷீட் இரண்டு வழியில் சாகிறது. மேலே தெரியும் பகுதியை வெயிலின் புற ஊதாக் கதிர் நொறுங்கச் செய்கிறது. புதைந்த ஓரத்தை மண்ணின் ஈரமும் உயிர்களும் தின்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்காது. ஈரமான, கரிமம் மிகுந்த, வெதுவெதுப்பான மண்ணில் ஓரம் முதலில் போகும். நடுப்பகுதி முழுதாக இருக்கும்போதே பிடி விட்டுப்போய்க் காற்றில் படபடக்கும், இளஞ்செடியின் கழுத்தை அறுக்கும். வறண்ட, வெயில் கடுமையான இடத்தில் நேர்மாறு: மேலே விரிசல், ஓரம் புதிதுபோல.

பயிர் மூடியதும் இன்னொரு மாற்றம் வரும். இலை நிழலில் புற ஊதாக் கதிர் ஷீட்டைத் தொடாது. அதன் நொறுங்கல் நின்றுபோகும். ஆகவே நிழல் விழுமுன் விரிசல் தொடங்காத ஷீட் அறுவடைவரை அப்படியே கிடக்கக்கூடும். நான் பார்க்கும் இலக்கு இது: குளிர்தான் பிரச்சினை என்றால் 45 முதல் 60 நாளில் முதல் விரிசல். ஈரம்தான் பிரச்சினை என்றால் பூக்கொண்டை வரும்வரை, 70 முதல் 80 நாள். களைக்காக என்றால் 50 நாள் போதும்; அதற்குமேல் முளைக்கும் களை நிழலில் நலிந்துவிடும். விற்பவர் சொல்லும் நாள் கணக்கு வேறொரு இடத்தின் வெயிலில் எடுத்தது. முதல் ஆண்டு 8, 10, 12 மைக்ரான் மூன்றையும் நூறு நூறு மீட்டர் விரித்து, விரலளவு விரிசல் எந்த நாளில் தெரிகிறது என்று குறித்து வைப்பதைப்போன்ற நல்ல செலவு வேறில்லை. பக்கத்தில் ஷீட் இல்லாத ஒரு கீற்றையும் விடுங்கள். அது இல்லாமல் பலனை அளக்க வழியே இல்லை.

பழைய இருப்பு ஷீட் சீக்கிரம் சாகும். காற்றிலுள்ள ஈரமே எஸ்டர் பிணைப்புகளை அறுக்கும். உற்பத்தித் தேதி பார்த்து, அந்தப் பருவத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் ரோலை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து அடுக்கினால் அழுத்தத்தில் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு, விரிக்கும்போது கிழியும்.

விரிப்பது

பாலித்தீன் பழக்கத்தில் இழுத்து விரிப்பதே முதல் தவறு. பாலித்தீனை டிரம் தோல்போல இறுக்குவார்கள். மக்கும் ஷீட் இழுத்தால் நீளும், நீண்டால் மெலியும், மெலிந்த இடத்தில் முதலில் விரியும். ரோல் பிரேக்கைத் தளர்த்துங்கள். ரோலில் பேனாவால் 100 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, விரித்தபின் அளந்து பாருங்கள். 102ஐத் தாண்டினால் இன்னும் தளர்த்த வேண்டும். அகலம் குறைகிறதா என்றும் பாருங்கள். உருளைகளில் பழைய மண், துரு, வெல்டிங் பிசிறு இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் ஓட்டை விழும். ஓட்டைகள் சம இடைவெளியில் இருந்தால் காரணம் இயந்திரத்தில் என்று தெரிந்துகொள்ளலாம். இடைவெளி ஒழுங்கற்று இருந்தால் கட்டியோ கல்லோ அடிக்கட்டையோ.

பாத்தி நடுவில் லேசாக மேடாக, பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். ஷீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நின்றால் சூடு மண்ணுக்குப் போகாது. காற்றடித்தால் அந்த இடம் தூக்கும். ஓரத்தில் 10 முதல் 12 செ.மீ. ஷீட், 6 முதல் 8 செ.மீ. ஆழத்தில் புதைய வேண்டும். அமுக்கு சக்கரம் ஷீட்டைச் சாலின் அடியில் பதித்தபின் மண் அணைக்கும் தட்டு மண்ணைத் தள்ள வேண்டும். இந்த வேலைகளின் முன்பின் மாறினால் மண் ஷீட்டை மேலே தூக்கிவிடும். நாலு ஐந்து மீட்டருக்கு ஒருமுறை குறுக்கே ஒரு மண்வெட்டி மண் போட்டு அழுத்துவது காற்று நிலத்தில் கட்டாயம். வரப்பு ஓர முனைகளை 20 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள், கிழிசல் பெரும்பாலும் முனையில்தான் தொடங்கும்.

நண்பகல் சூட்டில் விரித்தால் ஷீட் நெகிழ்ந்து நீளும், இரவில் சுருங்கி ஓரத்தைப் பிடுங்கும். காலையிலோ மாலையிலோ விரிப்பது நல்லது. சரிவில் குறுக்காகவே விரிக்க வேண்டும். மேலே சொன்ன 65 விழுக்காடு மூடலில் 10 மி.மீ. மழை பெய்தால், வழியும் நீர் முழுவதும் இடைச் சாலில் 28 மி.மீ. மழைக்குச் சமமாக விழும். சரிவு வாட்டத்தில் விரித்திருந்தால் அந்தச் சால் ஓடையாகிவிடும்.

விதை மேலேயா, அடியிலா

இரண்டு முறை உண்டு. விரித்தபின் துளையிட்டு விதைப்பது ஒன்று. வாத்து அலகுபோல் திறந்து மூடும் குழல்கள் கொண்ட சக்கரம் ஷீட்டைக் குத்தி விதையைப் போட்டுவிட்டுப் போகும். இதில் மக்கும் ஷீட்டுக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது. அலகு மழுங்கியிருந்தால் மெத்தென்ற ஷீட் வெட்டுப்படாமல் நீண்டு, பை மாதிரி குழிக்குள் போகும். விதை அந்தப் பைக்குள் உட்காரும், மண்ணைத் தொடாது. விதைத்து பத்து மீட்டர் போனதும் இறங்கி இருபது குழியைத் தோண்டிப் பாருங்கள். இரண்டுக்குமேல் பை தெரிந்தால் அலகைத் தீட்ட வேண்டும், அல்லது வெயில் தாழ்ந்து ஷீட் கொஞ்சம் விறைக்கும்வரை நிறுத்த வேண்டும்.

குழி விட்டம் 3 முதல் 5 செ.மீ., விதை ஆழம் 4 முதல் 5 செ.மீ. குழிமேல் ஒரு செ.மீ. மண் மூட வேண்டும். மூடாவிட்டால் அடியில் தேங்கிய சூடான காற்று அந்த ஓட்டை வழியே புகைபோக்கிபோல் வெளியேறி முளையைக் கருக்கும். மூடிய மண்ணில் மழை பெய்து காய்ந்தால் பொறுக்குத் தட்டும். முளை அதில் முட்டி வளையும். பொறுக்கை உடைக்க ஆளோ உருளையோ தயாராக இருக்க வேண்டும். விதைத்தபின் ஷீட் இரண்டு மூன்று செ.மீ. நகர்ந்தாலே குழியும் முளையும் தவறிப்போகும். தளர விரிப்பதும் ஓரத்தை இறுக்கிப் புதைப்பதும் சேர்ந்துதான் வேலை செய்யும் என்பது இந்த நகர்வால்தான்.

இரண்டாவது முறை விதைத்துவிட்டு மேலே மூடுவது. மக்காச்சோளத்தின் முளை கூர்மையானது. மிக மெல்லிய ஷீட்டையோ, வரிசைமேல் நுண்துளையிட்ட ஷீட்டையோ கிழித்துக்கொண்டு வந்துவிடும். தினை, கம்பு போன்ற சிறு தானியத்துக்கு அந்த வலு இல்லை. துளைக்காமல் அடியில் மடங்கிய செடி நண்பகலில் ஷீட்டைத் தொட்டதும் வெந்துபோகும். முளைப்பு தொடங்கிய நாளிலிருந்து தினமும் வயலைப் பார்க்க வேண்டும். ஒரு வெயில் நாள் தவறினால் போதும்.

கோதுமையில் செடி எண்ணிக்கை அதிகம் என்பதால் ஒவ்வொரு செடிக்கும் துளை சாத்தியமில்லை. ஒரு குழிக்குப் பல விதை என்று கொத்தாக விதைப்பார்கள். முழுதாக மூடிய ஷீட்டின்மேல் ஒரு செ.மீ. மண் பரப்பி, அதே ஷீட்டில் இரண்டு மூன்று போகம் எடுக்கும் முறை பாலித்தீனுக்கு உரியது. மக்கும் ஷீட்டால் அது ஆகாது. மண் பரப்பிய கணத்திலேயே அது மக்கத் தொடங்கிவிடும்.

நெல்லில் நிலைமை வேறு. ஷீட் விரித்தபடியே நாற்று நடும் இயந்திரங்கள் உண்டு. ஜப்பானில் மறுசுழற்சிக் காகிதத்தை அப்படி விரித்து, களைக்கொல்லி இல்லாமல் நெல் விளைவிக்கிறார்கள். மக்கும் ஷீட்டையும் இதே வேலைக்கு எடுக்கலாம். ஆனால் இஎன் 17033 சோதனை காற்றோட்டமுள்ள மண்ணில் நடப்பது. தண்ணீர் நின்ற சேற்றில் காற்று இல்லை, மக்கலும் மெதுவாகும். அந்தச் சான்றை அப்படியே நெல் வயலுக்குப் பொருத்தக் கூடாது.

களை, உரம்

தெளிந்த ஷீட்டின் அடியில் களை பயிரைவிடச் செழிப்பாக வளரும். விரிக்குமுன் முளைப்புக்கு முந்தைய களைக்கொல்லி அவசியம். அடியில் சூடும் ஈரமும் கூடுதல் என்பதால் மருந்து வீரியமாக வேலை செய்யும், ஆவியாகும் வகை வெளியேற வழியின்றி பயிரையும் தாக்கும். ஷீட்டின் அடியில் பயன்படுத்த அனுமதியுள்ள மருந்து, அதன் உறையில் சொன்ன குறைந்த அளவு, மூடும் பரப்புக்கு மட்டும் கணக்கிட்டது. கோரைக்குக் கறுப்பு ஷீட்டும் தடையில்லை, ஊசிபோல் குத்திக்கொண்டு வரும். கோரை நிறைந்த நிலத்தில் முதலில் கோரையை ஒழிக்க வேண்டும்.

தழைச்சத்தில் தவறு எளிது. சூடான மண்ணில் கரிமப் பொருள் வேகமாகச் சிதைந்து ஆரம்பத்தில் தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும். செடி கருகருவென்று நிற்கும். கதிர் பிடிக்கும்போது சட்டியில் ஒன்றும் இருக்காது, கீழிலை மஞ்சளாகும். எல்லாவற்றையும் அடியுரமாகப் போட்டு மூடிவிடுவதன் விளைவு இது. பாத்திகளுக்கு நடுவே 50 செ.மீ. வெறும் இடம் இருக்கிறதே; எட்டு இலைப் பருவத்தில் அதில் மேலுரத்தை மண்ணுக்குள் வைத்துவிடலாம், ஷீட்டைத் தொடவே வேண்டாம். முழுதாக மூடிய வயலில் மெதுவாகக் கரையும் உரம் தேவைப்படும். அப்போது பாலிமர் பூசிய யூரியாவை எடுக்காதீர்கள். அதன் மணிகளைச் சுற்றியுள்ள பூச்சும் பிளாஸ்டிக்தான். மக்கும் ஷீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு உரத்தோடு பிளாஸ்டிக்கை நிலத்தில் விதைப்பது எந்த வகையில் நியாயம்? கந்தகம் பூசியது, அல்லது நைட்ரேட் ஆவதைத் தாமதிக்கும் மருந்து கலந்தது இருக்கிறது.

அறுவடைக்குப் பின்

தீவனத்துக்கு வெட்டும்போது கத்தியைத் தரையிலிருந்து 20 செ.மீ. உயர்த்துங்கள். தண்டின் அடியில் ஷீட் துண்டு காலர்போல் சுற்றியிருக்கும், அது மாட்டின் வாய்க்குப் போகக் கூடாது. சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தால் உழுமுன் முழுதாகச் சுருட்டி எடுக்க வேண்டும். ஷீட் மக்கும், குழாய் மக்காது.

மேலே கிடக்கும் துண்டுகள் மெதுவாக மக்கும், காற்றில் பக்கத்து வயலுக்கும் ஓடைக்கும் போகும். அறுவடை முடிந்ததும் மண்ணில் ஈரமும் சூடும் இருக்கும்போதே ரோட்டவேட்டராலோ வட்டத்தட்டுக் கலப்பையாலோ 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குள் கலந்துவிடுங்கள். ஆழக் கொழுவால் புரட்டி 30 செ.மீ.க்குக் கீழே அனுப்பினால் காற்றும் உயிர்களும் குறைந்த இடத்தில் நெடுநாள் கிடக்கும்.

ஷீட் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம். 100 கிலோ ஷீட்டில் கரிமம் சுமார் 60 கிலோ. ஆறு டன் தட்டையில் 2,400 கிலோ. தட்டைக்குச் செய்யும் ஏற்பாடே இதற்கும் போதும்.

கவலைப்பட வேண்டியது ஆண்டுதோறும் விரிப்பதைப் பற்றி. ஒவ்வொரு ஆண்டும் 100 கிலோ சேர்த்து, மண்ணில் உள்ளதில் 70 விழுக்காடு ஓராண்டில் மக்கினால், நாளடைவில் புது ஷீட் விரித்தவுடன் மண்ணில் இருப்பது 143 கிலோ, அடுத்த விரிப்புக்குமுன் 43. ஆண்டுக்கு 30 விழுக்காடுதான் மக்குகிறது என்றால் அதே கணக்கு 333, 233 என்று நிற்கும். சோதனைச்சாலையின் 25 டிகிரியை உங்கள் மண்ணுக்குப் பொருத்திப் பார்க்காமல் இதை அறிய முடியாது. 10 டிகிரி குறைந்தால் உயிர்களின் வேகம் தோராயமாகப் பாதியாகும். ஆண்டுச் சராசரி 13 டிகிரி உள்ள மண்ணில் இரண்டு ஆண்டு என்பது நான்கரை ஆண்டாகலாம். ஷீட் பலன் தரும் குளிர்ந்த, வறண்ட நிலமே அது மெதுவாக மக்கும் நிலமும் என்பதால் இந்தக் கணக்கை யாரும் தவிர்க்கக் கூடாது. கறுப்பு ஷீட்டில் உள்ள கரித்தூளும் சுண்ணாம்புத் தூளும் மக்குவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உங்கள் மண்ணின் வேகத்தை அளக்க நைலான் வலைப்பை போதும். 10 செ.மீ. சதுரமாக வெட்டிய துண்டுகளை எடை போட்டு, ஒரு மி.மீ. கண் உள்ள பைகளில் மண்ணோடு சேர்த்து, 10 செ.மீ. ஆழத்தில் இருபது பை புதையுங்கள். ஒரு துண்டின் எடை 10 மைக்ரானில் 0.125 கிராம்தான், அதனால் ஒரு பைக்குப் பத்துத் துண்டு வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் கயிறு கட்டி நுனியை வெளியே விடுங்கள், இல்லையென்றால் தேடவே முடியாது. மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு மாதத்தில் ஐந்தைந்தாக எடுத்து, மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தி எடை போடுங்கள். எடை குறைந்தது எல்லாம் மக்கியது ஆகாது, கண்ணி வழியே நழுவிய பொடியும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே கிடைக்கும் எண் உண்மையான மக்கலின் மேல் எல்லை. அந்த மேல் எல்லையே பன்னிரண்டாம் மாதம் 50 விழுக்காட்டைத் தொடவில்லை என்றால், அந்த நிலத்தில் ஷீட்டை ஆண்டுதோறும் விரிக்காமல் இரண்டு ஆண்டு இடைவிட்டு, நடுவில் ஷீட் வேண்டாத பயிரைச் சுழற்சியில் வையுங்கள்.